ஓர் இடைவெளி விழுங்கிய கோப்புகள்

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. மாங்குளம், கீழவளவு, அழகர்மலை, திருவாதவூர் என்று மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் இருக்கும் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டுகளையும் சமணர் படுகைகளையும் மூன்று ஆண்டுகளாகக் கேமராவில் படம் எடுத்து, குறிப்பும் எழுதி வந்திருக்கிறார். எல்லாம் உபுண்டு லினக்ஸ் போட்ட லேப்டாப்பில், ஒரே ஃபோல்டரில். வெள்ளிக்கிழமை இரவு, அலைக்குறியோடு (~) முடியும் பழைய கோப்புகளை மட்டும் நீக்குவதற்காக டெர்மினலில் ஆர்எம் என்ற நீக்கும் கட்டளையைக் கொடுத்திருக்கிறார். நட்சத்திரக் குறிக்கும் அலைக்குறிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. நட்சத்திரம் தனியாக நின்றால் எல்லாக் கோப்புகளும் என்று பொருள். ஃபோல்டர் காலி. பதறிப்போய் லேப்டாப்பின் மூடியை அப்படியே மூடிவிட்டு, போனிலிருந்து கேட்கிறார்: "அண்ணே, மீட்க முடியுமா? எந்த மென்பொருளை இறக்கிப் போடட்டும்?"

தம்பி, எதையும் இறக்கிப் போடாதீர்கள். மூடியை மூடினீர்களே, பதற்றத்தில் செய்தாலும் நல்ல காரியம். அது அப்படியே இருக்கட்டும். நான் சொல்லி முடிக்கும்வரை திறக்க வேண்டாம்.

மதுரை சிம்மக்கல்லில் என்னுடைய சின்னப் பழுதுபார்க்கும் கடைக்கு ஓர் ஆசிரியர் இதே மாதிரிச் சிக்கலோடு வந்தார். வருவதற்கு முன்பே ஐந்து மீட்பு மென்பொருள்களை ஒவ்வொன்றாக இறக்கி, அழிந்த கோப்புகள் இருந்த அதே டிஸ்க்கில் நிறுவிப் பார்த்திருந்தார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நான் மீட்டெடுத்ததில் பெரும்பகுதி அந்த ஐந்து மென்பொருள்களின் நிறுவல் கோப்புகள்தான்.

அப்படி ஏன் நடக்கிறது என்பதற்கு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஒன்றையே சொல்கிறேன். செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோம். டோக்கன்தான் கோப்பின் பெயர். டோக்கனில் இருக்கும் எண்ணுக்கு எதிரே எந்தத் தட்டு, எத்தனை சோடி என்று காவலாளி எழுதி வைத்திருக்கும் வரிதான் லினக்ஸ்காரர்கள் ஐநோடு என்று சொல்வது. செருப்புதான் உள்ளடக்கம். ஆர்எம் கட்டளை செருப்பைத் தூக்கி எறிவதில்லை. டோக்கனைக் கிழித்துப் போட்டு, தட்டு காலி என்று எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். அடுத்த ஆள் வந்து தன் செருப்பை அந்தத் தட்டில் வைக்கும்வரை உங்கள் செருப்பு அங்கேயேதான் கிடக்கும். ஆனால் கணினி ஓடிக்கொண்டே இருந்தால் அது சித்திரைத் திருவிழா நாள் மாதிரி. உலாவி, பதிவேடு, தானாக இறங்கும் புதுப்பிப்பு என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

உங்கள் டிஸ்க் ஈஎக்ஸ்டி4 என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில் இருக்கும். உபுண்டு தானாகப் போடுவது அதைத்தான். இதன் மூத்த அண்ணன் ஈஎக்ஸ்டி2 காலத்தில், கோப்பை நீக்கினாலும் எந்தத் தட்டு என்ற எண்கள் ஐநோடில் அழியாமல் நின்றன. அதனால் மீட்பது எளிதாக இருந்தது. ஈஎக்ஸ்டி3 வந்தபோது நீக்கும் நேரத்திலேயே அந்த எண்களையும் அழிக்கத் தொடங்கினார்கள். ஈஎக்ஸ்டி4-லும் அதே வழக்கம்தான். காவலாளி டோக்கனைக் கிழிப்பதோடு நிற்காமல் குறிப்பேட்டில் இருந்த வரியையும் அடித்துவிடுகிறார். ஆனால் அவரிடம் கார்பன் நகல் ஒன்று இருக்கிறது. ஜர்னல் என்பது அதுதான். டிஸ்க்கில் எழுதப்போகும் மாற்றங்களை முதலில் அங்கே குறித்துக்கொள்வது வழக்கம். அதில் அழிப்பதற்கு முந்தைய வரி இன்னும் இருக்கலாம். அந்த நகல் புத்தகம் சிறியது. பக்கம் தீர்ந்ததும் முதல் பக்கத்திலிருந்து மேலெழுதத் தொடங்கிவிடும். நேரம் பற்றி நான் இவ்வளவு பதறுவது அதனால்தான்.

இனி உங்கள் வேலை. முதல் வேலை லேப்டாப்பில் இல்லை. என் அனுபவத்தில், போன கோப்புகளில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது அழிந்த டிஸ்க்கிலிருந்து அல்ல, அந்தக் கோப்பு முன்பு தங்கிப் போன வேறு இடங்களிலிருந்துதான். உங்கள் கேமராவின் மெமரி கார்டை எடுத்துத் தனியே வையுங்கள். படங்களை லேப்டாப்பில் ஏற்றிய பிறகு கார்டை அழித்திருப்பீர்கள், ஃபார்மட்கூடச் செய்திருக்கலாம். பரவாயில்லை. கேமராவில் செய்கிற வழக்கமான ஃபார்மட் அட்டவணையை மட்டும்தான் புதிதாக எழுதும். கார்டில் கோப்பை நீக்கினாலும் அதன் பெயர்க் குறிப்பும் தட்டுகளைக் கோத்த சங்கிலியும்தான் போகும், அவ்வளவே. அதோடு கேமரா படங்களைப் பெரும்பாலும் வரிசையாக, துண்டு துண்டாகாமல் எழுதும். அதனால் மூன்று ஆண்டுப் படங்களில் கடைசியாக எடுத்தவை லேப்டாப்பைவிடக் கார்டில் சுத்தமாகக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இனி அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். இதுவரை யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பியதை எல்லாம் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தால் அளவு சுருங்கியிருக்கும். ஆவணமாக அனுப்பியிருந்தால் முழுசாக இருக்கும். கல்வெட்டு வாசிப்பைச் சரிபார்க்க எந்த ஆசிரியருக்காவது குறிப்புகளை அனுப்பியிருப்பீர்கள். கூச்சப்படாமல் திருப்பிக் கேளுங்கள்.

அடுத்து, லேப்டாப்பின் மூடியைத் திறப்பது. வைஃபையை உடனே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நீக்கிய நேரத்தில் ஏதாவது குறிப்புக் கோப்பு லிப்ரே ஆபீசில் திறந்திருந்ததா? மூடியை மூடினால் உபுண்டு வழக்கமாக உறங்கத்தான் செய்யும், நிரல்கள் சாவதில்லை. திறந்திருந்தால் அந்த ஆவணம் நினைவகத்தில் முழுசாக உயிரோடு இருக்கிறது. பென்டிரைவைச் செருகி, வேறு பெயரில் அதிலேயே சேமித்துவிடுங்கள். பல பேர் இந்த நேரத்தில் பயத்தில் எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்கள். கையில் இருந்ததையும் கிணற்றில் போட்ட கதை.

இதற்குப் பின்னால் ஒரு பொது விதி இருக்கிறது. லினக்ஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை ஆர்எம் செய்தால் பெயர் மட்டும்தான் போகும். கடைசி நிரல் கையை எடுக்கும்வரை உள்ளடக்கம் இருக்கும், அதன் தட்டுகளை வேறு யாரும் தொட முடியாது. எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளையோடு கூட்டல் குறி, பெரிய எழுத்து எல், எண் 1 ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால், பெயர் போயும் இன்னும் திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும். அதில் வரும் நிரல் எண்ணையும் கோப்பு எண்ணையும் வைத்துக்கொண்டு, ப்ராக் அடைவுக்குள் அந்த நிரலின் எஃப்டி என்ற பகுதியிலிருந்து சாதாரணமாக நகல் எடுத்துவிடலாம். ஒலிப்பதிவு எதையாவது ஓடவிட்டுக்கொண்டே நீக்கியிருந்தால் அதை இந்த வழியில் பத்து விநாடியில் எடுத்துவிடலாம்.

(கட்டளைகளை அப்படியே பார்த்து அடிக்கும்படி எழுதாமல் சுற்றி வளைத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் இடைவெளியால் வந்த வினை இது. ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று புரிந்து அடியுங்கள்.)

இந்த இரண்டும் முடிந்ததும் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். முறையாக அணைப்பதுதானே நல்லது என்பீர்கள். மற்ற நாளில் சரி. இன்று முறையாக அணைத்தால் ஒவ்வொரு நிரலும் போகிற போக்கில் ஏதாவது எழுதிவிட்டுப் போகும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். 'ஹார்டு டிஸ்க்' என்று எழுதியிருக்கிறீர்கள். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியையும் நம் ஊரில் அப்படித்தான் சொல்கிறோம். எல்லாம் இதில்தான் தீரும். சுழலும் பழைய டிஸ்க் என்றால் நிதானமாக வேலை பார்க்கலாம். எஸ்எஸ்டி என்றால் கதை வேறு. டிரிம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது: எந்தத் தட்டுகள் காலி என்று கணினி எஸ்எஸ்டிக்குச் சொல்லும், அது அவற்றைத் துடைத்துவிடும். துடைத்த பிறகு எந்த மென்பொருளுக்கும் அங்கே வெறும் சுழியம்தான் கிடைக்கும். உபுண்டு இதை வாரத்துக்கு ஒருமுறை, திங்கள் பிறக்கும் நள்ளிரவுக் கணக்கில் செய்கிறது. அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் அடுத்து இயக்கும்போது செய்துவிடும். நீங்கள் நீக்கியது வெள்ளி இரவு. ஆகவே எஸ்எஸ்டியாகவே இருந்தாலும், இந்த வாரத் துடைப்பு வருவதற்கு முன் நமக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை வழக்கம்போல லேப்டாப்பை இயக்கினால் அதுவும் போய்விடும்.

இனிமேல் அந்த லேப்டாப் அதன் சொந்த உபுண்டுவில் எழுந்திருக்கக் கூடாது. நண்பரின் கணினியில் ஒரு பென்டிரைவில் உபுண்டுவின், நிறுவாமலே இயங்கும் நேரடி வடிவத்தை எழுதி, அதிலிருந்து இயக்குங்கள். நிறுவலாமா என்று கேட்கும்போது வேண்டாம், முயன்று மட்டும் பார்க்கிறேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போனதும், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் ரோட்டா என்ற பத்தியைக் கேட்டுப் பாருங்கள். டிஸ்க்குக்கு நேரே 1 என்றால் சுழலுவது, 0 என்றால் எஸ்எஸ்டி. கோப்பு மேலாளரில் உள் டிஸ்க்கின் படத்தைப் பார்த்ததும் கை தானாக அதைச் சொடுக்கப் போகும். சொடுக்காதீர்கள், அது மவுண்ட் ஆகிவிடும், அதாவது கணினி அதைத் திறந்து பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும். படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தாலும் ஈஎக்ஸ்டி4 ஜர்னலில் பாக்கி நிற்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் திறக்கும். அதாவது டிஸ்க்கில் எழுதும். உள்ளே பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஆர்ஓ (படிக்க மட்டும்) என்பதோடு நோலோட் (ஜர்னலைத் தொடாதே) என்ற தெரிவையும் சேர்க்க வேண்டும். பல வழிகாட்டிகள் விட்டுவிடும் இடம் இது.

பிறகு முழு டிஸ்க்குக்கும் ஒரு பிரதி எடுக்க வேண்டும். ஜிஎன்யு டிடிரெஸ்கியூ என்ற கருவி இதற்கு நம்பகமானது. 500 ஜிபி டிஸ்க் என்றால் அதைவிடப் பெரிய வெளி டிஸ்க் வேண்டும். விநாடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகினால் நாலைந்து மணி நேரம் ஆகலாம். ஜிகர்தண்டா குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மூலம் எது, பிரதி எது என்பதை டிஸ்க்கின் அளவைப் பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அடியுங்கள். மாற்றி அடித்தால் காலி டிஸ்க்கின் பிரதியை உங்கள் டிஸ்க்கின் மேலேயே எழுதிவிடுவீர்கள். மிகைப்படுத்தவில்லை, ஒருவர் செய்ததைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பிரதியை எடுக்க எல்லோருக்கும் சோம்பல். ஆனால் அது கையில் இருந்தால் பத்து முறை தவறலாம். இல்லாவிட்டால் முதல் தவறே கடைசித் தவறு. (கிளிக், கிளிக் என்று சத்தம் வரும் டிஸ்க் என்றால் இதில் எதையும் செய்யாமல் உடனே நிறுத்துங்கள். அது வேறு நோய், வேறு மருத்துவர்.)

பிரதியின் மேல் முதலில் எக்ஸ்ட்அன்டிலீட் அல்லது ஈஎக்ஸ்டி4மேஜிக். இரண்டும் நான் சொன்ன கார்பன் நகலைப் புரட்டும் கருவிகள். பலித்தால் கோப்புகள் பெயரோடு, அதே ஃபோல்டர் அமைப்போடு திரும்பி வரும். அந்த மகிழ்ச்சியே தனி. எக்ஸ்ட்அன்டிலீட் பல ஆண்டுகளாகப் புதிய பதிப்பு காணாதது, புதிய உபுண்டு அமைக்கும் ஈஎக்ஸ்டி4-ஐப் பார்த்துச் சில நேரம் பாதியில் விழுந்துவிடும். வெள்ளி இரவுக்குப் பிறகு நடந்ததை மட்டும் பார் என்று நேரத்தைக் கொடுத்துத் தேடச் சொல்லலாம். நீங்கள் உடனே மூடிவிட்டதால் எனக்கு இதில் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. உள்ளடக்கம் வராவிட்டாலும் டிபக்எஃப்எஸ் என்ற கருவியில் நீக்கிய பெயர்களையும் காட்டச் சொல்லிக் கேட்டால், போன கோப்புகளின் பெயர்ப் பட்டியல் பல நேரம் கிடைக்கும். எதைத் தேடுகிறோம் என்பதாவது தெரியும்.

அது கைவிட்டால் ஃபோட்டோரெக். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது. டெஸ்ட்டிஸ்க் என்ற தன் சகோதரியோடு சேர்ந்தே வரும். பெயரைப் பார்த்துப் படங்களை மட்டும் மீட்பது என்று நினைக்க வேண்டாம், நூற்றுக்கணக்கான வகைகளை அது அறியும். இது குறிப்பேடு, டோக்கன் எதையும் பார்ப்பதில்லை. தட்டு தட்டாகப் போய் முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்கிறது. ஜேபெக் படம் என்றால் பதினாறடிமானத்தில் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று தொடங்கும். லிப்ரே ஆபீஸ் ஆவணம் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், பிகே என்று தொடங்கும். தேட வேண்டிய வகைகளில் ஜேபெக்கையும் ஜிப்பையும் உரைக் கோப்பையும் மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள். காலி இடத்தில் மட்டும் தேடச் சொல்லுங்கள். மீட்டதைப் போடும் இடம் வெளி டிஸ்க்காக இருக்கட்டும். கேமரா கார்டுக்கும் இதே கருவிதான். அதற்கும் முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோட்டோரெக் பெயர்களைத் திருப்பித் தராது. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும்தான் பெயராக வரும். உலாவியில் பார்த்த விளம்பரப் படம்வரை எல்லாம் ஒன்றாகக் கொட்டும். மேலூரில் ஒரு திருமண வீடியோக்காரரின் கார்டிலிருந்து ஆயிரக்கணக்கில் இப்படி எடுத்துக் கொடுத்தபோது, எது எந்தக் கல்யாணம் என்று மணப்பெண்ணின் சேலை நிறத்தை வைத்துப் பிரித்தார்கள். உங்களுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் குறிப்பில் எடுத்த நாளும் நேரமும் இருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற கருவியிடம் சொன்னால் எல்லாவற்றையும் அந்த நாளின் பெயராலேயே மாற்றிவிடும். எந்த ஞாயிறு எந்த மலை என்று உங்களுக்குத் தெரியாதா? சில படங்களைப் போனில் எடுத்து இட விவரத்தையும் பதிய விட்டிருந்தால், எந்த மலை என்று படமே சொல்லிவிடும்.

பெயர் மீட்க இன்னொரு சந்து இருக்கிறது. உங்கள் வீட்டு (ஹோம்) ஃபோல்டரில் மறைந்திருக்கும் கேஷ் அடைவுக்குள் தம்ப்நெயில்ஸ் என்று ஒன்று இருக்கும். கோப்பு மேலாளரில் ஒரு படத்தைப் பார்த்தபோதெல்லாம் அதன் சிறு உருவம் அங்கே சேர்ந்திருக்கும். டெர்மினலில் ஆர்எம் செய்தால் அவை அழியாது. 128, 256 புள்ளி அளவுள்ள குட்டிப் படங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் மூலப் படத்தின் முழுப் பெயரும் இடமும் உரையாகப் பதிந்திருக்கும். ஃபோட்டோரெக் தந்த முகம் தெரிந்த, பெயர் தெரியாத படங்களை இவற்றோடு ஒத்துப் பார்த்தால் பழைய பெயர்கள் திரும்பிவிடும். இந்த அடைவைப் பிரதியிலிருந்து தனியே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

குறிப்புகளுக்கு வருவோம். லிப்ரே ஆபீசின் சொந்த அடைவுக்குள் பேக்கப் என்ற ஃபோல்டரைப் பாருங்கள். திடீர் நிறுத்தத்துக்காக அது வைக்கும் நகல் இருந்தால் இருக்கும். வெறும் உரைக் கோப்பில் எழுதியவற்றுக்கு, கருவியே இல்லாத ஒரு வழி உண்டு. கிரெப் கட்டளையால் பிரதி முழுவதையும் ஒரே நீண்ட உரையாக நினைத்து, ஒரு சொல்லைத் தேடி, அதன் முன்னும் பின்னும் இருநூறு வரிகளை வெட்டி எடுப்பது. இது லிப்ரே ஆபீஸ் ஆவணத்துக்குப் பலிக்காது, ஜிப்பில் சுருக்கப்பட்ட எழுத்து எழுத்தாகவே இருக்காது.

தேடும் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் தமிழுக்கென்று ஒரு நுணுக்கம் இருக்கிறது. யூடிஎஃப்8 குறியீட்டில் நம் எழுத்தின் ஒவ்வொரு கூறும் மூன்று பைட். 'கீழவளவு' என்றால் ஏழு கூறு, 21 பைட். அது இன்னொரு இடத்தில் தற்செயலாக அமைய வாய்ப்பே இல்லை, நல்ல தூண்டில். ஆனால் 'கொங்கர்புளியங்குளம்' என்று தேடாதீர்கள். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது டிஸ்க்கில் இரண்டு விதமாகக் கிடக்கும். எந்த விசைப்பலகையில் எப்போது தட்டினீர்களோ யாருக்குத் தெரியும்? ஒ, ஓ, ஔ வராத சொல்லாகப் பாருங்கள். பழைய நூல்களிலிருந்து எடுத்து வைத்த பகுதிகள் யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய டிஸ்கி குறியீட்டிலோ பாமினி எழுத்துருவிலோ இருந்தால் யூனிகோடில் தேடினால் கிடைக்காது. தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஆரம்பகால மின்னூல்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. பாமினி என்றால் அந்தச் சொல்லுக்கு நிகரான ஆங்கில விசைகளைத் தட்டித் தேட வேண்டும்.

காப்பு நகல் எடுக்கும் டைம்ஷிஃப்ட் போட்டு வைத்திருக்கிறேனே, அதில் இருக்காதா என்று கேட்டால், இருக்காது. அது தானாக எடுப்பது அமைப்புக் கோப்புகளைத்தான். வீட்டு ஃபோல்டரைச் சேர்க்கச் சொல்லி நீங்களே குறித்திருந்தால் ஒழிய அதைத் தொடாது. குப்பைத்தொட்டியிலும் தேட வேண்டாம், டெர்மினலில் நீக்கியது அங்கே போகாது.

உங்களுக்கு ஓர் ஆறுதல். அந்தக் கட்டளையில், ஃபோல்டரையும் உள்ளிருப்பதோடு நீக்கச் சொல்லும் ஆர் என்ற தெரிவைச் சேர்க்காமல் விட்டீர்களே, அதனால்தான் அலைக்குறி குறிக்கும் உங்கள் வீட்டு ஃபோல்டர் முழுவதும் தப்பியது. ஃபோல்டரை நீக்க முடியாது என்று ஒரு வரி முறையிட்டிருக்கும், பதற்றத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள். அதே காரணத்தால் உள் ஃபோல்டர் எதாவது வைத்திருந்தால் அதுவும் பத்திரமாக இருக்கும். இன்னொன்றையும் கவனித்தீர்களா? குப்பை என்று கூட்டித் தள்ளப் போன அந்த அலைக்குறிக் கோப்புகள், உரைப் பதிப்பான் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் எடுத்து வைத்த முந்தைய நகல்கள். கிரெப்பில் தேடும்போது ஒரே குறிப்பின் இரண்டு மூன்று வடிவம் கிடைத்தால் குழம்ப வேண்டாம். முழுசாக இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மாலைவரை கடையில்தான் இருப்பேன். லிப்ரே ஆபீஸ் சோதனையை மட்டும் செய்து, அணைத்து, லேப்டாப்பையும் கேமரா கார்டையும் 1 டிபி வெளி டிஸ்க் ஒன்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். லேப்டாப்பின் சார்ஜரை மறக்க வேண்டாம், பிரதி எடுக்கும்போது பேட்டரி தீர்ந்தால் பாதியில் நிற்கும். திங்கட்கிழமை என்றால் எஸ்எஸ்டியா இல்லையா என்பதைத் தெரிந்துகொண்டு போன் செய்யுங்கள். அதுவரை அதை இயக்க வேண்டாம்.